பால் குடிக்காததால் முறிந்த எலும்பு அல்ல

போன வாரம் வந்த பையனுக்குப் பத்து வயது. பந்தை ஓங்கி எறிந்திருக்கிறான். தோளுக்குச் சற்றுக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. எக்ஸ்ரேயில், முறிந்த இடத்தில் எலும்புக்குள் நீர்க்கட்டி தெரிந்தது. நான் வாய் திறப்பதற்குள் பாட்டி மருமகள் பக்கம் திரும்பினார்: "ஒழுங்காகப் பால் கொடுத்திருந்தால் இப்படி ஆகுமா?" அந்தத் தாய் அழுதுவிட்டார். இந்த ஆண்டு என் அறையில் இதே பேச்சைக் கேட்டு அழுத மூன்றாவது தாய் அவர்.

கால்சியம் குறைந்தால் ஓர் எலும்பு மட்டும் பழுதாகாது. உடம்பிலுள்ள எல்லா எலும்புகளும் பலவீனமாகும். மணிக்கட்டு வீங்கும், கால்கள் வளையும். நீர்க்கட்டி அப்படியல்ல. ஓரிடத்தில் மட்டும் எலும்பு உள்ளிருந்து மெலிந்திருக்கும். ஒரு விரற்கடை தள்ளிப் பார்த்தால் நல்ல எலும்பு. கேழ்வரகும் முட்டையும் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் அவற்றால் இந்தக் கட்டி கரையாது. கொடுக்காததால் வந்ததும் இல்லை.

இது புற்றுநோயும் அல்ல. உடைந்த சில்லு ஒன்று கட்டியின் நீருக்குள் இறங்கி அடியில் கிடப்பது படத்தில் தெரிந்தால், இது நீர்க்கட்டிதான் என்று சொல்ல எங்களுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். கை முறிவு நான்கிலிருந்து ஆறு வாரங்களில் கூடிவிடும். கட்டி மட்டும் பலருக்கு அப்படியே இருக்கும். வலி போய்விட்டது என்று மறு பரிசோதனைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். அதே இடம் மறுபடி முறியலாம்.

தொடை எலும்பின் கழுத்தில் கட்டி இருந்தால் காத்திருக்க முடியாது. அங்கே முறிந்தால் இடுப்பு மூட்டின் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டமே தடைபடலாம். முறியும் முன்பே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இடுப்பில் கோளாறு உள்ள பிள்ளை முழங்கால் வலிக்கிறது என்றுதான் பல நேரம் சொல்லும். அதை வளர்கிற வயது வலி என்று தள்ளிவிடுகிறார்கள். விந்தி நடக்கிற பிள்ளைக்கு இடுப்பையும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ரத்தம் நிறைந்த இன்னொரு வகைக் கட்டியும் உண்டு. அது வேகமாகப் பெரிதாகும், எம்.ஆர்.ஐ.யும் திசுப் பரிசோதனையும் செய்யாமல் கைவைக்க மாட்டோம்.

லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், படம் எடுக்காமல் எண்ணெய் போட்டு நீவாதீர்கள், கட்டுப் போடாதீர்கள். பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கி எறியாதீர்கள். கட்டி வளர்கிறதா என்று அவற்றை வைத்துத்தான் ஒப்பிட முடியும்.

அந்தப் பையனுக்கு ஆறு வாரம் கழித்து அடுத்த படம். பாட்டியையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.