ஸ்டியரிங் முனகினால் உடனே பம்ப்பைக் கழற்றாதீர்கள்

பழைய பொலிரோவிலோ முதல் தலைமுறை இன்னோவாவிலோ ஒழுகுகிற பவர் ஸ்டியரிங் ஹோஸை வீட்டு வாசலிலேயே மாற்றி, ஆயில் ஊற்றி, வண்டியைக் கிளப்பினால் 'ஙொய்ங்' என்று ஒரு முனகல். ஸ்டியரிங்கை ஒடிக்க ஒடிக்க அது கூடுகிறது. "பம்ப் போச்சு" என்பதுதான் பெரும்பாலும் முதலில் காதில் விழும் தீர்ப்பு. ஹோஸ் மாற்றும்வரை ஒழுங்காக ஓடிய பம்ப், மாற்றிய மறுநிமிடம் ஏன் போக வேண்டும்? நடுவில் புதிதாக உள்ளே நுழைந்தது காற்று. அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இன்ஜின் பெல்ட்டில் சுழலும் பம்ப், ஆயில் டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சி, பிரஷர் ஹோஸ் வழியாக ஸ்டியரிங் ராக்குக்கு (முன்சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு அமைப்பு) தள்ளுகிறது. நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ராக்கின் தலைமாட்டில் இருக்கும் ஒரு மெல்லிய கம்பி சில டிகிரி முறுக்கிக்கொள்ளும். அந்தச் சின்ன முறுக்கிலேயே வால்வு திறந்து, ராக்கினுள் இருக்கும் பிஸ்டனின் ஒரு பக்கத்துக்கு ஆயில் பாய்கிறது. நின்ற இடத்தில் கடைசிவரை ஒடித்தால் பல வண்டிகளில் அழுத்தம் 80 பார் வரை போகும். டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பாருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆயிலை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். ஆயிலோடு கலந்த குமிழிகள் பம்ப்பின் தகடுகளுக்கு இடையே நசுங்கும் சத்தம்தான் அந்த முனகல். ஸ்டியரிங் விட்டு விட்டுப் பிடிப்பதும் இதனால்தான்.

காற்று இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஐடிலில் ஓடும்போது டப்பாவில் ஆயில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு இன்ஜினை நிறுத்துங்கள். அமுங்கியிருந்த காற்று விரிவதால் மட்டம் மேலே ஏறும். 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் உள்ளே காற்று இருக்கிறது. மூடியைத் திறந்தால் ஆயிலும் சொல்லிவிடும்: நல்ல ஆயில் கண்ணாடி போல இருக்கும், காற்று கலந்தது நுரை தட்டி, நிறம் வெளுத்துத் தெரியும்.

வெளியேற்றும் முறை எளிது, அவசரம்தான் அதைக் கெடுக்கிறது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வேலை செய்ய வேண்டாம். இன்ஜினைக் கிளப்பாமலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை 15, 20 முறை மெதுவாகத் திருப்புங்கள். இன்னொருவர் டப்பாவைப் பார்த்து ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை வற்றினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். குமிழி வருவது நின்ற பிறகே இன்ஜினைக் கிளப்பி, ஐடிலிலேயே அதே மாதிரி திருப்புங்கள். கோடியில் 5 நொடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள்; அளவு மீறிய அழுத்தத்தைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு திறந்து ஆயில் அதிகமாகச் சூடாகும். நுரை வந்துவிட்டால் இன்ஜினை நிறுத்தி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். நுரைத்த ஆயிலைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் நுரை அடங்காது.

இவ்வளவும் செய்து மறுநாள் முனகல் திரும்பி வந்தால், எங்கிருந்தோ காற்று புதிதாக நுழைகிறது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: சொட்டு ஒழுகல் இல்லையே என்பார்கள். டப்பாவுக்கும் பம்ப்புக்கும் இடைப்பட்ட உறிஞ்சு ஹோஸில், இன்ஜின் ஓடும்போது வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அந்த ஹோஸின் முனையைக் கழற்றிப் பாருங்கள். பழைய கிளிப் பதிந்த இடத்தில் ரப்பர் இறுகி, ஒரு பள்ளம் வளையமாகத் தெரியும். வாய் அகன்று, விரலால் அழுத்தினால் அமுங்காது. எவ்வளவு இறுக்கினாலும் அது பிடிக்காது. 2 சென்டிமீட்டர் நறுக்கிவிட்டுப் புதிய கிளிப் போடலாம். நீளம் பத்தாவிட்டால் ஹோஸையே மாற்றிவிடுங்கள். பம்ப் வாயில் இருக்கும் ஓ ரிங்கும் (ரப்பர் வளையம்) இதே வேலையைக் காட்டும். பிரஷர் ஹோஸ் போல்ட்டுக்கு இருபுறமும் வரும் வாஷர்கள் ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான், பழையதையே திரும்பப் போட்டால் கசியும்.

ஆயில் விஷயத்தில் மூடியில் எழுதியிருப்பதே சட்டம். சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) கேட்கும் வண்டியும் உண்டு, வேறு வகை கேட்கும் வண்டியும் உண்டு. கைக்குக் கிடைத்த பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். சீல்கள் ஊதிப்போய் ராக்கே செலவு வைக்கும்.

முனகலுக்குப் பதில் கீச்சென்று கத்தினால் அது பெல்ட். தளர்ந்திருக்கும், அல்லது வேலையின்போது ஆயில் பட்டிருக்கும். இரண்டு பக்கமும் கனமாக இருந்தால் பெல்ட், ஆயில், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கனம் என்றால் பம்ப்பைத் தொடாதீர்கள், அது இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதானே; கோளாறு ராக்கின் வால்விலோ சீலிலோ இருக்கும். ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு மாற்றியபின் ஸ்டியரிங் கோணலாக நின்றால் வீல் அலைன்மென்ட் போதும். ராக்கைக் கழற்றும்போது ஸ்டியரிங்கைக் கட்டிவைக்க மறக்காதீர்கள். தானாகச் சுற்றினால் ஏர்பேக்குக்குப் போகும் சுருள் வயர் அறுந்துவிடும்.

ஆல்டோ, வேகன்ஆர் போன்றவற்றின் எலக்ட்ரிக் ஸ்டியரிங்கில் ஆயிலே கிடையாது. பேட்டரி கழற்றி மாட்டியபின் டாஷ்போர்டில் ஸ்டியரிங் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் முதலில் டெர்மினல், ஃபியூஸ், பிறகு வோல்ட்டேஜ்: ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும்.

வேலை முடித்த கையோடு தொப்பூர் கணவாயில் இறக்கியோ, பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் வளைவுகளிலோ சோதித்துப் பார்க்காதீர்கள். காலி மைதானத்தில் எட்டுப் போட்டுப் பாருங்கள், 50 கிலோமீட்டர் ஓடியபின் கிளிப்புகளையும் மட்டத்தையும் மறுபடி பாருங்கள். டீசல் மிச்சமென்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விடும் பழக்கம் சிலருக்கு உண்டு. இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும், பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரும் ஒன்றிரண்டு மிதிக்குமேல் தாங்காது.

காற்று, ஹோஸ், பெல்ட் எல்லாம் சரி, இன்னும் கனம் என்றால் ஒர்க்ஷாப்பில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கேஜின் வால்வைச் சில நொடி மட்டும் மூடும்போது, வண்டியின் மேனுவலில் உள்ள அழுத்தம் வராவிட்டால் அப்போது பம்ப் வாங்கலாம்.