கோல்ஃப் ‘ஹேண்டிகேப்’: தமிழில் ஈடு

“ஊனம் 18க்குள் உள்ளவர்கள் மட்டும் கலந்துகொள்ளலாம்.” டர்பனில் தமிழிலும் அச்சாகும் கோல்ஃப் போட்டி அறிவிப்புகளில் இப்படி ஒரு வரியைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. ‘ஹேண்டிகேப்’ என்பதற்கு இயந்திரம் கக்கிய ‘ஊனம்’ இது; யாரும் திருத்துவதில்லை. திறன் குறைந்தவரும் தேர்ந்தவரோடு சமமாக மோத, அவர் எடுத்த அடிகளிலிருந்து கழிக்க உதவும் எண்தான் ஹேண்டிகேப். மாற்றுத்திறனாளி ஒருவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்?

சொல்லின் பிறப்பு 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஒரு பண்டமாற்று விளையாட்டில். இருவர் பொருள் மாற்றிக்கொள்வார்கள். மட்டமான பொருள்காரர் மேற்கொண்டு எவ்வளவு தர வேண்டும் என்று நடுவர் சொல்வார். பந்தயக் காசு தொப்பிக்குள் கிடக்கும். அதற்குள் கைவிட்டு எடுத்துச் சம்மதமா இல்லையா என்று காட்ட வேண்டும். ‘ஹேண்ட் இன் கேப்’, அதாவது ‘தொப்பிக்குள் கை’ என்ற அந்தப் பெயர் குதிரைப் பந்தயத்துக்குப் போய், பிறகு கோல்ஃபுக்கு வந்தது. உடற்குறை என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது.

‘ஊனம்’ தப்பென்று ஒப்புக்கொள்கிறவர்களும் ‘சலுகை அடி’ என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கே தெரியாத சொல். சலுகை என்பது ஒருவர் மனமிரங்கிக் கொடுப்பது. இங்கே யாரும் இரங்குவதில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மைதானத்தின் கடினத்தைக் கணக்கில் எடுத்து ஓர் எண் போட்டு, கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8இன் எண்களைச் சராசரி எடுக்கிறார்கள். அதை ஆடப்போகும் மைதானத்தின் ஸ்லோப் எண்ணால் (கடினத்தைக் காட்டுவது, கீழே விளக்குகிறேன்) பெருக்கி, சராசரி ஸ்லோப்பான 113ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து (தேர்ந்தவர் அங்கே எடுக்கக்கூடிய அடிகள்) பாரை (அந்த மைதானத்துக்கு வகுத்த அடிகள்) கழித்து வருவதைக் கூட்டுகிறார்கள். உங்கள் எண் 18.0, ஸ்லோப் 125, ரேட்டிங் 71.2, பார் 72 என்றால் 19.1 வரும். எல்லோருடைய மொத்த அடிகளையும் ஒப்பிடும் தனிநபர் ஸ்ட்ரோக் பிளேயில் அதில் 95 விழுக்காடுதான், அதாவது 18 அடி. இருவர் குழிக்குக் குழி மோதும் மேட்ச் பிளேயில் முழுசாக 100 விழுக்காடு.

ஏன் அந்த வெட்டு? அதிக எண் உள்ளவரின் ஆட்டம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். அப்படிப்பட்ட அறுபது பேர் ஒன்றாக இறங்கினால், அவர்களில் யாராவது ஒருவருக்கு அன்று அபாரமான நாளாக அமைந்துவிடும். குறைந்த எண்காரர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அவரைப் பிடிக்க முடியாது. இருவர் மட்டும் மோதும்போது அந்தக் கூட்ட அனுகூலம் இல்லை, அதனால் வெட்டும் இல்லை. நல்ல ஆட்டத்தைப் பதியாமல் எண்ணை வேண்டுமென்றே ஏற்றுகிறவர்களுக்கும் கடிவாளம் உண்டு: ஓராண்டில் எட்டிய மிகக் குறைந்த எண்ணைவிட 3.0 கூடிவிட்டால், அதற்கு மேல் கூடுவதில் பாதிதான் ஏறும், 5.0க்கு மேல் ஏறவே ஏறாது. இவ்வளவு கறாராக அளந்து கொடுப்பதற்குச் சலுகை என்று பெயர் வைத்தால், கோப்பை வாங்கியவரைப் பார்த்து “சலுகையில் ஜெயித்தார்” என்றுதான் ஊர் பேசும். 1963இல் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் பாப்வா சுகோலமுக்கு, நிறவெறியால் கிளப் கட்டடத்துக்கு வெளியே, மழையில் வைத்துக் கோப்பை கொடுத்த ஊர் இது. சமமாக ஆடும் உரிமையைச் சலுகை என்று இங்கே எழுதவே கூடாது.

நமக்கு ‘ஈடு’ இருக்கிறதே! ஈடுகட்டுதல், ஈடுகொடுத்தல், ஈடு இணை. குறைவதை நிரப்புவதும் அதுதான், சமமாக நிற்பதும் அதுதான். தொப்பி விளையாட்டில் நடுவர் சொன்னதும் ஈடே. ஆளுக்குரிய எண் ஈட்டெண். குழிகளில் கிடைக்கும் அடி ஈட்டடி. “அவருக்கு 18 ஈட்டடி, குழிக்கு ஒன்று” என்றால் விளக்கமே தேவையில்லை.

இன்னும் இரண்டைத் திருத்த வேண்டும். ‘நெட் ஸ்கோர்’ (ஈட்டடி கழித்த மொத்தம்) வலை மதிப்பெண் ஆகாது, நிகர அடிகள். ‘ஸ்லோப்’ எண்ணைச் ‘சரிவு’ என்கிறார்கள். மேடுபள்ளமே இல்லாத மைதானத்திலும் தண்ணீரும் புதரும் நெருக்கினால் அந்த எண் ஏறும். தேர்ந்தவரைவிடச் சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகக் கடினம் என்பதை அது 55இலிருந்து 155க்குள் சொல்கிறது. ‘கடின எண்’ என்று எழுதுங்கள்.