ஹோலிசம்: முழுமையியம்

முழுமை, உறுப்புகளின் கூட்டுத்தொகையைவிடப் பெரிது என்ற கருத்துக்கு வழங்கும் பெயர் ஹோலிசம். முழுமையைக் குறிக்கும் 'ஹோலொஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து, 1926இல் வெளிவந்த தம் நூலுக்காக யான் ஸ்மட்ஸ் இதை ஆக்கினார். தென்னாபிரிக்கப் பிரதமராக இருந்த அவர், நிறத்தால் மக்களைப் பிரித்துவைக்கும் ஏற்பாட்டை ஆதரித்தவர். 1948இல் இலங்கையில் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழரின் வழிவந்த நாம் அதை மறந்துவிட்டு இச்சொல்லைக் கையாளக் கூடாது.

கருத்து அவருக்கு வெகுகாலம் முந்தியது. அசையைப் பிரித்தால் எழுத்துகள் எஞ்சும், அசை எஞ்சாது என்றார் அரிஸ்டோட்டில். உயிர்மெய் படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நம் இலக்கணத்தில் இதைவிட நல்ல சான்றும் உண்டு. 'பொற்றொடி வந்தாள்' என்னும்போது பொன்னும் வரவில்லை, தொடி என்ற வளையலும் வரவில்லை. அதை அணிந்த பெண் வருகிறாள். இரு சொல்லிலும் இல்லாத பொருளைத் தருவதால்தான் அது அன்மொழித்தொகை.

ஆகவே 'பெரிது' என்பது சரியான சொல் அல்ல. முழுமை உறுப்புகளின் கூட்டுத்தொகையிலிருந்து வேறானது என்பதே சரி என்று 1935இல் உளவியலாளர் கொஃப்கா திருத்தினார். இந்த வேறுபாட்டை மலையகத்தின் தேயிலைத் தொழிற்சாலைகளில் காணலாம். பச்சைக் கொழுந்தின் கலங்களுக்குள் கட்டெக்கின்கள் என்னும் வேதிப்பொருள்கள் ஓரிடத்திலும் அவற்றை மாற்றும் நொதியம் வேறிடத்திலும் இருக்கின்றன. வாட்டிய கொழுந்து ரோலரில் நசுங்கும்போது கலங்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றின் ஒட்சிசனும் சேர்கிறது. சிறிது நேரத்தில் பச்சை செம்பு நிறமாகிறது, புல் வாசம் போய்த் தேயிலை மணம் எழுகிறது. தேநீர்ச் சாயத்துக்கு நிறமும் துவர்ப்பும் தரும் தியாஃபிளேவின் பறித்த கொழுந்தில் இருந்ததில்லை. கொழுந்தின் எடையோ இதற்குள் குறைந்துவிட்டது! எடை கூடவில்லை, பொருள் வேறாகியிருக்கிறது.

தமிழில் 'முழுமைவாதம்' என்றும் எழுதுகிறார்கள். வாதம் என்றால் கட்சி கட்டுவதுபோல் ஒலிப்பதால் 'முழுமையியம்' என்பதையே நான் விரும்புகிறேன். ஹோலிஸ்டிக் என்பதற்கு 'முழுமைசார்' போதும். 'அனைத்தும் அடங்கிய' என்று பெயர்ப்பது பிழை. அது பட்டியலைத்தான் குறிக்கும்.

தோட்டப் பிள்ளைகளின் கல்வி பற்றிய திட்டங்களில் இந்தப் பிழை வெறும் சொற்பிழையாக நிற்பதில்லை. பாடசாலைக் கட்டடம், சத்துணவு, தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயத்துக்குத் தண்ணீர் என்று தனித்தனித் தலைப்புகளை அடுக்கிவிட்டு, அதை முழுமைசார் அணுகுமுறை என்கிறார்கள். காலையில் அம்மா, தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்விட்டால் தண்ணீர் எடுப்பதும் தம்பியைப் பார்ப்பதும் மூத்த பிள்ளையின் வேலை. அன்று அவள் பாடசாலைக்குப் பிந்துகிறாள், அல்லது போவதே இல்லை. அந்தக் காலை நேரம் திட்டத்தின் எந்தத் தலைப்பிலும் இல்லை.