பெரிய பிரேக் போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா?

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை 1989-இல் வந்தது. இரண்டே பேர் உட்காரும் சின்னத் திறந்த கார், எடை ஒரு டன்னுக்கும் குறைவு, 1.6 லிட்டர் எஞ்சின். பிரேக் டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு. முன் சக்கரத்தில் அதன் விட்டம் 235 மி.மீ., பின்னால் 231 மி.மீ. பிறகு 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது மாஸ்டா அந்த டிஸ்க்குகளை 255, 251 மி.மீ. என்று பெரிதாக்கியது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்பதால் 1.8 காரின் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட், டிஸ்க்கில் உராயும் பேட் எல்லாவற்றையும் கழற்றி 1.6 காரில் மாட்டிவிடலாம். 14 அங்குலச் சக்கரத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்தக் காரை வைத்திருப்பவர்கள் பல காலமாக வீட்டு கராஜிலேயே செய்துவரும் வேலை இது.

செய்பவர்களில் பலர் எதிர்பார்ப்பது, கார் இன்னும் குறைந்த தூரத்தில் நிற்கும் என்று. அது நடக்காது. ஆனாலும் இது வீண் வேலை இல்லை. ஏன் என்று புரிய, காரை நிறுத்துவது எது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. காரை நிறுத்துவது, டயர் சாலையைப் பிடிக்கும் பிடி. காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரின் உராய்வுக் கெழு, அதாவது பிடியின் அளவு, 0.9 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக நிற்க சுமார் 44 மீட்டர் ஆகும். டயரை மாற்றி அந்தக் கெழுவை 1.0 ஆக்கினால் 39 மீட்டர் போதும். இந்தக் கணக்கில் டிஸ்க்கின் அளவு எங்குமே வருவதில்லை. பெடலை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்கிறதா, அல்லது அப்படிப் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்கிறதா? அப்படியென்றால் உங்கள் பிரேக்குக்கு இப்போதே டயரைவிட வலு அதிகம். அதற்கு மேல் வலுவைக் கூட்டினால் சக்கரம் இன்னும் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு பெரிய டிஸ்க் வாங்கக் கிளம்புபவரிடம், அந்தப் பணத்தில் முதலில் டயர் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

சரி, அப்படியானால் பெரிய டிஸ்க் எதற்கு? வெப்பத்துக்கு.

ஓடும் காரின் இயக்க ஆற்றல் எங்கேயும் மறைந்துவிடாது, பிரேக் அதை வெப்பமாக மாற்றுகிறது. ஓட்டுநர், பெட்ரோல் சேர்த்து 1,050 கிலோ என்று கொள்வோம். 100 கி.மீ. வேகத்தில் அதன் ஆற்றல் சுமார் 400 கிலோஜூல். ஒரு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம், மூன்றே நொடியில் நான்கு இரும்புத் தட்டுகளுக்குள் இறங்குகிறது. அதில் ஏறக்குறைய 70 விழுக்காடு முன் சக்கரங்களின் பங்கு. ஒரு முன் டிஸ்க் 4 கிலோ என்று வைத்தால், ஒருமுறை நிறுத்தியதுமே அதன் வெப்பநிலை கிட்டத்தட்ட 75 டிகிரி ஏறும். டிஸ்க் 5 கிலோவாக இருந்தால் ஏற்றம் 60 டிகிரிதான்.

ஒருமுறைக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் பந்தயத் தடத்தில் ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்பும் இதே கதை, நடுவில் ஆறுவதற்கு நேரமும் கிடையாது. மலை இறக்கம் அதைவிடக் கடுமை. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பிராட்டோ கிராமத்துக்கு 48 கொண்டையூசி வளைவுகளில் சுமார் 1,800 மீட்டர் இறங்க வேண்டும். அந்த உயரத்தில் இந்தச் சின்னக் காருக்குள் இருக்கும் ஆற்றல், 100 கி.மீ. வேகத்திலிருந்து நாற்பத்தைந்து முறை நிறுத்துவதற்குச் சமம். காற்றுத் தடையும் எஞ்சினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மலையில் சின்ன கியரில் இறங்கச் சொல்வது இதற்காகத்தான். மீதி முழுவதும் டிஸ்க்கின் தலையில்தான் விழும்.

பெரிய டிஸ்க்கில் வெப்பத்தை வாங்க இரும்பு அதிகம், வெளியே விட மேற்பரப்பும் அதிகம். முன் டிஸ்க் இரண்டு தட்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு வார்க்கப்பட்டிருக்கும். சுழலும்போது அந்த இடைவெளி மையத்திலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியே வெளியே தள்ளுகிறது. வார்ப்பிரும்புதான் இதற்கு இன்றும் நல்ல பொருள். விலை குறைவு, வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதிர்வையும் உறிஞ்சும். ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஓட்டையும் வெப்ப விரிசல் தொடங்கக்கூடிய இடம், போதாததற்கு வெப்பத்தை வாங்கும் இரும்பும் குறைகிறது. இந்த அளவுக் காருக்கு எனக்கு அது தேவையாகத் தோன்றவில்லை. 

வெப்பம் மிஞ்சினால் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். இரண்டையும் உங்கள் கால் வேறுபடுத்திச் சொல்லிவிடும். பெடல் கல் மாதிரி நிற்கிறது, கார் மட்டும் நிற்க மறுக்கிறது என்றால் பேட் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. அதிலுள்ள பிசின் சிதைந்து உராய்வு விழுந்துவிட்டது. பெடல் மெத்தென்று தரையை நோக்கிப் போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, அதனால்தான் காலின் விசை சக்கரம் வரை போய்ச் சேருகிறது. ஆவியைச் சுருக்கலாம். காலிப்பருக்குள் ஆவிக் குமிழி வந்துவிட்டால் உங்கள் மிதி முழுவதும் அந்தக் குமிழியை நசுக்கவே செலவாகிவிடும். இரண்டில் ஆபத்தானது இதுதான், ஏனென்றால் பெரும்பாலும் முன்னறிவிப்பே இல்லாமல் வரும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. அதில் 3.7 விழுக்காடு தண்ணீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். டாட் 5.1 என்றால் 260-உம் 180-உம். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், டாட் 5 முற்றிலும் வேறு வகை, சிலிக்கோன். அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புது ஆயில் ஊற்றுவதுதான் இருப்பதிலேயே மலிவான பிரேக் மேம்பாடு. அப்புறம் நல்ல பேட். பந்தய பேட்டை அன்றாட ஓட்டத்துக்குப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். அது சூடேறினால்தான் கடிக்கும். காலையில் தெருமுனையில் யாராவது குறுக்கே வந்தால் குளிர்ந்த பேட் உங்களுக்கு உதவாது.

இவை இரண்டும் செய்த பிறகும் பேட் கருகுகிறது என்றால்தான் டிஸ்க்கின் முறை வருகிறது. இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. முன் பக்கம் மட்டும் பெரிய பிரேக் போடுவது. டிஸ்க்கின் ஆரம் கூடினால், அதே பெடல் அழுத்தத்துக்குத் திருப்புவிசை கூடும். 235-லிருந்து 255-க்குப் போனால் ஏறக்குறைய பத்து விழுக்காடு. எம்எக்ஸ்-5 காரின் எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சரிபாதி. பலமாக பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்ந்து முன் சக்கரங்களின் பங்கு 70 விழுக்காட்டை நெருங்குகிறது. பிரேக் விசையும் அந்த விகிதத்தில் பிரிந்தால்தான் நான்கு டயரும் முழுப் பிடியையும் கொடுக்கும். முன்னால் மட்டும் வலுவைக் கூட்டினால் முன் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், பின் டயரின் பிடியில் ஒரு பகுதி பயன்படாமல் நிற்கும், நிற்கும் தூரம் கூடிவிடும். காசு கொடுத்து பிரேக்கைக் கெடுப்பது என்றால் இதுதான். பின்னால் மட்டும் கூட்டுவது அதைவிட மோசம், கார் சுழன்றுவிடும். மாஸ்டாவின் 1.8 பாகங்கள் நல்ல தேர்வாக இருப்பதற்கு இதுவே காரணம். முன்னும் பின்னும் ஒரே 20 மி.மீ. கூடுகிறது, சமநிலை பெரிதாகக் குலைவதில்லை.

வேலையில் கவனிக்க வேண்டியவை சில. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்குக் கீழே கை விடக் கூடாது, ஸ்டாண்ட் போட்டே ஆகவேண்டும். கழற்றிய காலிப்பரை அதன் ரப்பர் ஆயில் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். முப்பது வயதுக் காரில் காலிப்பர் சறுக்கி நகர உதவும் உலோகத் தண்டுகள் துருவேறி இறுகியிருக்கும். அப்படி இருந்தால் ஒரு பக்க பேட் மட்டும் தேயும், எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் பயன் பாதிதான். சுத்தம் செய்து, வெப்பம் தாங்கும் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். பின் காலிப்பரின் பிஸ்டனை அழுத்தி உள்ளே தள்ள முயல வேண்டாம். கை பிரேக் அதோடு இணைந்திருப்பதால், பின்புறம் உள்ள போல்ட்டைக் கழற்றி, உள்ளே 4 மி.மீ. ஆலன் சாவியால் இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் அது பின்வாங்கும். மாட்டிய பிறகு பேட் டிஸ்க்கைத் தொடும் வரை வலஞ்சுழியாகத் திருப்பி, மூன்றில் ஒரு சுற்று தளர்த்த வேண்டும்.

பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் காலிப்பரில் காற்று வெளியேறும் சிறு திருகான நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே காலை எடுக்கச் சொல்ல வேண்டும். பழைய காரில் பெடலைத் தரை வரை மிதிக்காமல் இருப்பது நல்லது. பெடலின் விசையை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர், இதுவரை போகாத கரடுமுரடான பகுதிக்குப் போய்க் கிழியலாம். பெடல் உறுதியாக நிற்கும் வரை காரை நகர்த்தவே கூடாது. இதில் எதிலாவது சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதியை ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைசியில் பேட்டையும் டிஸ்க்கையும் பழக்க வேண்டும். பேட் டிஸ்க்கை வெறுமனே தேய்ப்பதில்லை. தன் பொருளையே மெல்லிய படலமாக டிஸ்க்கில் பூசி, அந்தப் படலத்தோடுதான் ஒட்டிப் பிரிந்து உராய்கிறது. படலம் சீராக இருந்தால்தான் பிடி சீராக இருக்கும். வெறிச்சோடிய சாலையில் 80-லிருந்து 20 கி.மீ. வேகத்துக்குச் சில முறை மிதமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், பிறகு பிரேக்கைத் தொடாமல் ஆறவிட்டு ஓட்ட வேண்டும். பேட் தயாரித்தவர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சூடான நிலையில் நிறுத்திப் பெடலை மிதித்தே வைத்திருந்தால் பேட் இருக்கும் இடத்தில் மட்டும் படலம் திட்டாகப் பதிந்துவிடும். அந்தத் திட்டு மற்ற இடங்களைவிட அதிகம் சூடேறும். அங்கே இரும்பின் அமைப்பே மாறி, சிமென்டைட் என்ற கடினமான இரும்புக் கார்பைடு உருவாகலாம். பிறகு ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் ஸ்டீயரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலரும் சொல்வது பெரும்பாலும் இந்தத் திட்டைத்தான். சிமென்டைட் உருவாகும் முன் கவனித்தால், பேட்டை மறுபடி ஒருமுறை முறையாகப் பழக்கியே பல நேரங்களில் நடுக்கத்தைப் போக்கிவிடலாம்.