வெங்காயத்தின் சத்து எந்த அடுக்கில் இருக்கிறது?

சத்துப் பட்டியலை மட்டும் பார்த்தால் வெங்காயம் பெரிதாக ஈர்க்காது. சமைக்காத 100 கிராம் வெங்காயத்தில் ஏறத்தாழ 89 கிராம் நீர்தான். வைட்டமின் சி சுமார் 7 மில்லிகிராம், பொட்டாசியம் 146 மில்லிகிராம், ஆற்றல் 40 கிலோகலோரி. இவற்றுக்காக வெங்காயத்தைத் தேட வேண்டியதில்லை. அதன் சிறப்பு, பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத மூன்று வகைப் பொருள்களில் இருக்கிறது.

முதலாவது, தாவரங்களில் இயல்பாகக் காணப்படும் பிளேவனாய்டு என்னும் சேர்ம வகையைச் சேர்ந்த குவர்செட்டின். வெளி அடுக்குகளில் மிகுதியாகவும் நடுப்பகுதியை நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தும் காணப்படும் இது, சிவப்பு, மஞ்சள் வெங்காயங்களில் வெள்ளை வெங்காயத்தைவிட அதிகம். உரிக்கும் அவசரத்தில் காய்ந்த தோலோடு சேர்த்துத் தடித்த முதல் அடுக்கையும் கிள்ளி எறிபவர்கள், இந்தச் சத்து செறிந்த பகுதியைத்தான் குப்பையில் போடுகிறார்கள். தேநீரிலும் ஆப்பிளிலும்கூடக் குவர்செட்டின் உண்டு. ஆனால் வெங்காயத்தில் அது குளுக்கோசுடன் பிணைந்திருப்பதால், சிறுகுடல் சுவரிலுள்ள நொதிகள் அப்பிணைப்பை எளிதில் அறுத்துவிட, உடல் அதை நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. வதக்கினால் பெருமளவு நிலைத்திருக்கும்; வேகவைத்தால் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடும் என்பதால் அந்த நீரைக் கொட்டாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது வகையான கந்தகச் சேர்மங்களில் பெரும்பாலானவை முழு வெங்காயத்தில் இருப்பதே இல்லை, நறுக்கும்போதுதான் உருவாகின்றன. செல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருக்கும் மூலப்பொருளும் அல்லினேஸ் என்னும் நொதியும் கத்தி பட்டவுடன் கலந்து வினைபுரிகின்றன. கண்ணீரை வரவழைக்கும் வாயு உருவாக இன்னொரு நொதியும் தேவை என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-இல் கண்டறிந்தனர். சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2013-இல் அவர்களுக்குக் கிடைத்தது. வெப்பம் அல்லினேஸைச் செயலிழக்கச் செய்வதால், நறுக்கியதைச் சில நிமிடங்கள் வைத்திருந்து அடுப்பில் ஏற்றினால் வினைக்கு அவகாசம் கிடைக்கும்.

இச்சேர்மங்கள், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைப்பது ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்துள்ளது. குவர்செட்டினைப் பொறுத்தவரை, நெதர்லாந்தின் சட்ஃபென் நகரில் 65 முதல் 84 வயது வரையிலான 805 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1993-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், தேநீர், வெங்காயம், ஆப்பிள் ஆகியவற்றின் வழியே பிளேவனாய்டுகளை அதிகம் உட்கொண்டவர்களிடையே இதய நோயால் ஏற்பட்ட இறப்பு குறைவாக இருந்தது. ஆனால் இது தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை நிறுவவில்லை. வெங்காயம் உணவுதான், மாத்திரைக்கு மாற்று அன்று.

மூன்றாவது, ஃபிரக்டான் என்னும் நார்ச்சத்து. இதைச் செரிக்கும் நொதி மனிதரிடம் இல்லாததால் பெருங்குடலை அப்படியே சென்றடையும் ஃபிரக்டான், அங்குள்ள பைஃபிடோபாக்டீரியா போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவை அதை நொதிக்கச் செய்து உண்டாக்கும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் குடற்சுவரின் செல்களுக்கு ஆற்றல் தருகின்றன. அதே நொதித்தலில் வாயுவும் உண்டாகிறது. ஆகையால் எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்கு வெங்காயம் வயிற்று உப்புசத்தையும் வலியையும் தரக்கூடும். ஃபிரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அத்தகையோர் எண்ணெயில் மட்டும் வெங்காயத்தை வதக்கி, துண்டுகளை எடுத்துவிட்டு, மணமேறிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாம். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் அவர்களுக்குப் பொதுவாக ஒத்துக்கொள்ளும்.