கூறைச்சேலையின் சிவப்பு எங்கே போனது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த அம்மா ஒருவர், நான் படமெடுத்த கல்யாண அல்பத்தை என் மேசையில் விரித்தார். பையிலிருந்து மகளின் கூறைச்சேலையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "தம்பி, ரெண்டையும் பாருங்க. இது என்ட பிள்ளைட கூறையா?" சேலை செம்பருத்திச் சிவப்பு. அல்பத்திலோ பத்துத் தரம் துவைத்து வெளுத்த மாதிரி இருந்தது.

பிழை கமராவிலும் இல்லை, பிரிண்ட் போட்டவர்களிடமும் இல்லை. என்னிடம்தான்.

படக் கோப்பில் நிறம் இல்லை, ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று வெறும் மூன்று எண்கள்தான். 255, 0, 0 என்றால் முழுச் சிவப்பு. எந்த அளவுகோலில் முழுச் சிவப்பு என்று சொல்லாவிட்டால், மரைக்காலா மூட்டையா என்று சொல்லாமல் "பத்து" என்ற நெல்லுக் கணக்குத்தான். அதைச் சொல்லும் சீட்டுத்தான் புரொபைல். 1993இல் அடோபி, ஆப்பிள், கொடாக் உட்பட எட்டு நிறுவனங்கள் கூடி, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான வடிவில் இதைக் கொண்டுவர ஐசிசி என்ற அமைப்பை உருவாக்கின.

என் கமரா அடோபி ஆர்ஜிபி என்ற அகலமான அளவுகோலில் இருந்தது. கோப்பைச் சேவ் பண்ணும்போது 'ஐசிசி புரொபைல்' என்ற பெட்டியில் சரி போட மறந்துவிட்டேன். சீட்டு இல்லாத படத்தை பிரிண்ட் இயந்திரம், எஸ்ஆர்ஜிபி என்ற அதைவிடச் சிறிய பொது அளவுகோல் என்று எடுத்துக்கொண்டது. எஸ்ஆர்ஜிபியின் 255, 0, 0 சிவப்பு, அடோபி ஆர்ஜிபியில் ஏறத்தாழ 219, 0, 0 என்று எழுதப்படும். அந்த 219ஐ அப்படியே எஸ்ஆர்ஜிபியாக வாசித்தால் சேலை மங்காமல் என்ன செய்யும்? மணமகளின் முகமும் சேர்ந்தே வாடியிருந்தது. இத்தனைக்கும் அந்தச் சீட்டு ஒரு கிலோபைட்கூட இல்லை.

போட்டோஷாப்பில் 'அசைன்' வேறு, 'கன்வேர்ட்' வேறு. அசைன் எண்களைத் தொடாமல் சீட்டை மட்டும் மாற்றும், நிறம் ஓடிவிடும். கன்வேர்ட் நிறத்தைக் காப்பாற்ற எண்களை மாற்றும். ஸ்டூடியோ பிரிண்டுக்கும் இணையத்துக்கும் எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வேர்ட் பண்ணி, புரொபைலோடு சேவ் பண்ணுங்கள். ஓப்செட் அச்சு என்றால் எந்தப் புரொபைல் வேண்டும் என்று அச்சகத்திடம் முதலில் கேளுங்கள். நீங்களாக சிஎம்வைகே, அதாவது அச்சு மையின் நான்கு நிறக் கணக்கு, ஆக்கிக் கொடுக்க வேண்டாம்.

மருதமுனைக் கைத்தறிச் சேலைகளை போனில் படமெடுத்து விற்பவர்களுக்கும் இதே தலையிடிதான். ஐபோன் 7இலிருந்து அந்தப் போன்கள் டிஸ்பிளே பி3 என்ற அகலமான நிற அளவுகோலில் படம் எடுக்கின்றன. வழியில் சீட்டு கழன்றால் வாங்குபவர் பார்ப்பது வேறு சேலை.

அல்பத்தை என் செலவில் திரும்ப அடித்தேன். அந்த அம்மா கடைக்குள் டியூப் லைட்டில் பார்க்கவே இல்லை. அல்பத்தையும் சேலையையும் வாசலுக்கு எடுத்துப்போய், பகல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதிக் காசைத் தந்தார்.