வொர்க்ஷாப் வேலையில் கார் கெட்டுப்போனால் யார் பொறுப்பு?

ஆயில் மாற்றக் காரை விட்டீர்கள். மாலையே வண்டி கைக்கு வந்துவிட்டது, பில் 6,500 ரூபாய். மறுநாள் திண்டிவனம் தாண்டும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிகிறது. ஓரங்கட்டுவதற்குள் இன்ஜின் ஜாம். குனிந்து பார்த்தால் ஆயில் சேம்பருக்கு அடியில் இருக்க வேண்டிய டிரெயின் போல்ட்டை (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) காணோம். வொர்க்ஷாப்புக்குப் போன் செய்தால் பதில் இப்படி வருகிறது: "பழைய வண்டி சார், நாங்க ஆயில் மட்டும்தான் மாத்தினோம். இன்ஜினைத் தொடவே இல்லையே."

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைப்போம். வழக்கமான வாகன பாலிசி விபத்துக்குத்தான். இயந்திரக் கோளாறு அதில் வராது. ஆகவே கேட்க வேண்டியது வொர்க்ஷாப்பிடம்தான். கேட்பதற்குச் சட்டமும் இருக்கிறது.

காசு வாங்கிக்கொண்டு வண்டியைப் பழுது பார்ப்பது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு சேவை. செய்த விதத்தில் குறை இருந்தாலும், கவனக்குறைவால் இழப்பு வந்தாலும் அது 'சேவைக் குறைபாடு'. கம்பெனி ஷோரூம் சர்வீஸ் என்றாலும், தெருமுனை மெக்கானிக் ஷெட் என்றாலும் இதில் வேறுபாடு இல்லை. புது வண்டிக்குக் கிடைக்கும் 'ஃப்ரீ சர்வீஸ்' மட்டும் தானம் என்று நினைக்க வேண்டாம். அதன் விலை வண்டி விலையிலேயே அடங்கியிருக்கிறது.

இன்னொரு பழைய சட்டமும் உதவிக்கு வருகிறது: 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். சாவியைக் கொடுத்து வண்டியை விட்டுவிட்டு வந்தால், அதை வாங்கி வைத்துக்கொள்பவர் தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவரமுள்ள மனிதர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அந்த அளவு கவனத்துடன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதன் 151-ஆவது பிரிவு.

சரி, 'வாகனங்கள் உரிமையாளரின் பொறுப்பில்' என்று போர்டு மாட்டியிருக்கிறார்களே? 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தாஜ் மஹால் ஹோட்டல் வழக்கில் இதைப் பேசியது. 1998-இல் டெல்லியில் அந்த ஹோட்டல் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன மாருதி ஜென் கார் திருடுபோன வழக்கு அது. வண்டியை ஒப்படைத்தது நிரூபணமானால், தன் தரப்பில் கவனக்குறைவு இல்லை என்று காட்ட வேண்டியது வாங்கி வைத்தவர்தான். அதைக் காட்டாமல் 'உரிமையாளர் பொறுப்பு' என்ற வாசகத்துக்குப் பின்னால் ஒளிய முடியாது என்றது தீர்ப்பு. பழுது பார்க்கும் இடத்துக்கும் இந்தத் தர்க்கம் பொருந்தும்.

ஆனால் இங்கே ஒரு கோடு இருக்கிறது. பலர் வழக்கில் தோற்பது இதைக் கவனிக்காததால்தான். வண்டி ஷெட்டுக்குள் இருக்கும்போது கண்ணாடி உடைந்தாலும், டெஸ்ட் டிரைவில் இடித்தாலும் விளக்கம் சொல்ல வேண்டியது அவர்கள். வண்டி உங்கள் கைக்கு வந்து சாலையில் நின்றுபோனால், அவர்கள் வேலையால்தான் நின்றது என்று நிரூபிப்பது உங்கள் பாடு. சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் சுமை புகார்தாரருக்கே என்று 2021-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதனால் திண்டிவனத்துக்குத் திரும்புவோம். இன்ஜின் நின்ற பிறகு 'ஒருதடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்' என்ற ஆசையை அடக்குங்கள். அப்படிச் செய்தால், சேதத்துக்குப் பாதிக் காரணம் நீங்கள் என்று வாதாட வழி கொடுத்தது போலாகும். போல்ட் இல்லாத ஓட்டை, வண்டிக்கு அடியில் வழிந்த ஆயில், ஓடோமீட்டர் எண் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுங்கள். சர்வீஸ் பில்லில் உள்ள கிலோமீட்டருக்கும் ஓடோமீட்டருக்கும் வித்தியாசம் 150 என்றால், அந்த ஒரு எண்ணே பாதி வழக்கு.

அப்புறம், அதே வொர்க்ஷாப் "வண்டியை இங்கே அனுப்புங்க சார், பிரிச்சுப் பார்த்துச் சொல்றோம்" என்று அன்பாகக் கூப்பிடும். யார் மேல் புகாரோ அவரே தனியாக இன்ஜினைப் பிரித்தால் பிறகு சான்று என்ன மிஞ்சும்? வேறு இடத்துக்கு டோ செய்து, உரிமம் பெற்ற சர்வேயர் (வண்டியின் சேதத்தை ஆராய்ந்து மதிப்பிடுபவர்) ஒருவரை வைத்துப் பார்த்து எழுத்தில் அறிக்கை வாங்குவதே நல்லது. எந்தத் தேதியில் பிரிக்கிறோம், வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று பழைய வொர்க்ஷாப்புக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வராவிட்டால் அது அவர்கள் பிரச்சினை. சர்வேயர் செலவை நஷ்ட ஈட்டோடு சேர்த்துக் கேட்கலாம்.

பில் விஷயம். "பில் வேண்டாம்னா ஜி.எஸ்.டி. மிச்சம் சார்" என்பார்கள். 18 சதவீதம் மிச்சம்தான், ஆனால் அதோடு போவது உங்கள் முதல் சான்று. பில் தராமலிருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது சட்டம். பில்லே இல்லையென்றால் யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் கைகொடுக்கும். ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது எழுதும் வேலைச் சீட்டு) நீங்கள் சொன்ன குறை சொன்னபடி எழுதப்பட்டிருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் படியுங்கள். உதிரி பாகத்தை நீங்களே வாங்கிக் கொடுத்திருந்தால், பழி பாகத்தின் மேல் போகும் என்பதற்கும் தயாராக இருங்கள்.

காசு கட்டாமல் வண்டியைத் தர மாட்டோம் என்றால்? ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு, உழைப்பையும் திறமையையும் செலவிட்டவர் கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. வைரம் பட்டை தீட்டுபவரையும் தையல்காரரையும்தான் அதற்கு உதாரணம் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒழுங்காகச் செய்த அந்த வேலையின் கூலிக்கு மட்டும்தான் இந்த உரிமை. போன வருஷ பாக்கிக்காக இந்த வருஷம் காரைப் பிடித்து வைக்க முடியாது. வண்டி அவசரமாகத் தேவை என்றால் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்து வருவதே புத்திசாலித்தனம்.

டெஸ்ட் டிரைவில் மெக்கானிக் வேறொருவர் மேல் மோதிவிட்டால் உரிமையாளருக்குக் குலை நடுங்கும். வொர்க்ஷாப் ஆள் ஓட்டியபோது நடந்த விபத்திலும் மூன்றாம் நபருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று 1988-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாலிசி காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லிப் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் இதிலேயே வழிக்கு வருவதுண்டு. அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். மதுரைக்காரர் சென்னை வொர்க்ஷாப் மேல் மதுரையிலேயே வழக்குப் போடலாம். புகார்க் கட்டணம், நீங்கள் கேட்கும் நஷ்ட ஈட்டை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை, சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகையை வைத்து. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. அதனால் 6,500 ரூபாய் பில்லுக்கு, 2 லட்ச ரூபாய் இன்ஜின் வேலைச் செலவைப் புகார்க் கட்டணம் இல்லாமலே கேட்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். வழக்குக்குக் காரணம் உண்டான நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். "பார்க்கலாம் சார்" என்று வொர்க்ஷாப் இழுத்தடிக்கும் மாதங்களும் அந்தக் கணக்கில்தான் ஓடும்.

டிராவல்ஸ் நிறுவனம் போல வணிகத்துக்கு வண்டி வைத்திருப்பவர்கள் நுகர்வோர் ஆக மாட்டார்கள். அவர்களுக்கு சிவில் நீதிமன்றம். சொந்தமாக ஓட்டிப் பிழைக்கும் ஒற்றை டாக்ஸிக்காரருக்கு விலக்கு உண்டு.

பிரேக் வேலை சரியில்லாமல் ஆளுக்கே அடிபட்டால், பழுது பார்த்தவர் மீது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 85-ஆவது பிரிவின் கீழ் 'பொருள் பொறுப்பு' (product liability) வழக்கும் தொடரலாம். காருக்கு மட்டும் சேதம் என்றால் அந்தப் பிரிவு வராது, சேவைக் குறைபாடுதான்.

ஆணையம் மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் பொறுமை வேண்டும். ஆணை வந்தும் பணம் தராமல் இழுத்தால் அதே சட்டத்தின் 72-ஆவது பிரிவில் மனுப் போடுங்கள்: ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 25,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.